கற்பதற்கு உரியவர் யார்?

அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ சீனப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர், கடவுச்சீட்டு, மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண் சான்றிதழ், உடற்தகுதிப் படிவம், சீனமொழிவழிப் படிப்பாயின் எச்.எஸ்.கே. எனப்படும் மொழித்தேர்வின் முடிவு, மருத்துவமாயின் இந்திய விதிப்படி நீட் தேர்ச்சி ஆகியவற்றைத் திரட்டுகையில், கல்விக்கு உரியவர் யார் என்னும் பழைய மெய்யியல் வினாவையே எதிர்கொள்கிறார்.

இவ்வினா 7ஆம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் எழுந்தது. நாளந்தா என்னும் பௌத்த மகாவிகாரையில் பயின்ற சீனத் துறவி யுவான் சுவாங், அங்கு நுழைய விழைந்த அயலாரை வாயிலிலேயே வினவிச் சோதித்தனர் என்றும், விடையளிக்க இயலாத பலர் திரும்பினர் என்றும் குறித்துள்ளார்.

பவணந்தி முனிவரின் நன்னூலோ, நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னத்தையும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசுவையும் போன்றோரைத் தலைமாணாக்கர் என வகுத்து, தகுதியைக் கற்கும் முறையிலேயே காண்கிறது. சான்றிதழ் முன்பு கற்றதற்கு மட்டுமே சாட்சியாகும். அது வாயிலைத் திறக்க வல்லது எனினும், உள்ளே சென்றபின் நாள்தோறும் பகுத்தறிந்து உள்வாங்கும் உழைப்பே ஒருவரைக் கல்விக்கு உரியவராக்குகிறது.