பாத்தியில் கிடக்கும் சேறு



புத்தளம், பாலாவிப் பக்கத்து உப்பளங்களைப் பாராதவர் நம்மில் எவருமிலர். உவர்நீரைப் பாத்தியில் விடுமுன் தொழிலாளர் பழைய சேற்றை வழித்தெடுத்து, தரையை மிதித்து இறுக்கி, மட்டஞ் செய்கிறார்கள். அவ்வளவே அவர்கள் கையிலுள்ளது. உப்பை விளைவிப்பது வெயிலும் காற்றும். ஆனால் சேறு கிடக்கும் பாத்தியில் எவ்வளவு வெயில் எறித்தாலும் வெள்ளை உப்பு விளையாது. வரப்பிரசாதமும் அப்படித்தான். அது ஆண்டவரின் கொடை. சேற்றை அகற்றுவது நம் வேலை.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்திய பின், வீடுகளில் மறைவாகச் செபித்தே விசுவாசத்தைக் காத்தார்கள். 1687-இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசேவாஸ் அடிகளார், கந்தை உடுத்து, கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். பிச்சைக்காரன்தானே என்று கதவைச் சாத்தியவன் தன் மேய்ப்பனையே அனுப்பிவிட்டிருப்பான். திறந்த வீட்டுக்குக் குருவானவர் கிடைத்தார். பின்னர் அவர் நம் புத்தளத்துக்கும் வந்து, 1692-இல் இங்கிருந்தே கண்டிக்குப் போய், ஒற்றனென்று சிறைப்பட்டார். 2015-இல் பரிசுத்த தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் புறப்படும்போது கூடாரம், பாய், சட்டி பானை, அரிசி, தேங்காய் ஒன்றையும் மறப்பதில்லை. ஆனால் கரைவலைப் பங்கில் வந்த பிணக்கால் முகம் பாராத தம்பியின் கூடாரம் அடுத்த மரத்தடியில் இருக்கும். அவனைக் கண்டதும் அண்ணன் செபமாலையை உருட்டிக்கொண்டே வேறு பாதையால் போவான். மாமியும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்புவதுமுண்டு. மெழுகுதிரி கொளுத்தியாயிற்று, நேர்த்தியும் கொடுத்தாயிற்று. சேறு பாத்தியிலேயே கிடக்கிறது.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் உன் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னார். யார் பிழை என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள்! அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், போகவேண்டியவன் நீ. கசப்பான மருந்துதான். பங்குப் பணத்தில் நியாயம் நம் பக்கமே இருக்கலாம். அந்தக் கணக்கை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பிறகு தீர்க்கலாம், பேச்சு முந்தட்டும்.

ஆகையால் இம்முறை கூடாரம் கட்டி முடிந்ததும், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்குமுன், ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு தம்பியின் கூடாரத்துக்குப் போங்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், மறுநாள் காலையும் போங்கள்.