என்ன கேட்கிறீர், ஏன் கேட்கிறீர்?

"இப்போது என்ன பாட்டுக் கேட்கிறீர்?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பது, சுகம் விசாரிப்பது போன்ற இலேசான காரியமாகத் தோன்றும். நம் சமூகத்தில் அது அவ்வளவு இலேசானதல்ல. விசாரிப்பவர் யார் என்று பார்த்தே பலர் பதில் சொல்கிறார்கள். பள்ளிவாசல் முன்றலில் ஒரு பதில், கடைத்தெருவில் ஒரு பதில், கூட்டாளிமார் மத்தியில் இன்னொரு பதில். மூன்றும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதரை முழுதாக எந்த இடத்திலும் காணக் கிடைப்பதில்லை. நாம் கேட்கும் இசையையும் அதைக் கேட்கும் காரணத்தையும் பிறரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமா? சொல்வதானால் யாரிடம், எவ்வளவு சொல்வது? இதுவே என் கேள்வி.

இசை ஆகுமா, ஆகாதா என்ற விவகாரத்துக்குள் நான் நுழையவில்லை. அது உலமாக்களின் களம். இப்னு ஹஸ்ம் ஒரு பக்கமும் இப்னு தைமிய்யா மறுபக்கமுமாக நின்ற நீண்ட வாதம் அது. ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியன் தீர்த்து வைக்கக்கூடியதல்ல. ஆனால் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் 'ஸமாஉ' எனப்படும் செவியேற்றலுக்கென்றே ஒரு தனி நூலை ஒதுக்கியிருக்கிறார். அதில் எடுத்துக்காட்டப்படும் இரண்டு கருத்துக்கள் என் கேள்விக்கு மிக நெருக்கமானவை. ஒன்று, அபூ சுலைமான் தாரானியுடையது: இசை உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே அசைத்துவிடுகிறது. மற்றது, ஜுனைத் பக்தாதியுடையது: செவியேற்றலுக்கு நேரம், இடம், கூட்டாளிகள் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

முதற் கருத்தை ஏற்றுக்கொண்டால் ஒன்று விளங்கும். நான் எதைக் கேட்கிறேன் என்று சொல்வது ஒரு பாட்டின் பெயரைச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. என் உள்ளத்தில் எது அசைந்தது என்று சொல்வதாகிவிடுகிறது. அதனால்தான் அதைச் சொல்லத் தயங்குகிறோம்.

கேட்பது வேறு, பகிர்வது வேறு. எங்கள் பெரகல சந்திக்கு வந்து நின்றால் இது தெரியும். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பாதையும், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஏறும் பாதையும் பிரியுமிடம் அது. ஒவ்வொரு தனியார் பஸ்ஸும் தன் பாட்டோடு வந்து, தன் பாட்டோடு போகும். எல்லோருக்கும் கேட்கிறது, ஆனால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. தோட்டத்துத் தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முற்காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்புத்தான். மாசியில் காமன் கூத்துக்கு முழங்குவதும் தப்புத்தான். ஒன்று பிழைப்புக்கு அழைத்தது, மற்றது மகிழ்ச்சிக்கு அழைக்கிறது. தோலும் கட்டையும் ஒன்றே. அடியும் அடிப்பதற்கான காரணமும் வேறு. காரணத்தை விட்டுவிட்டு "தப்புக் கேட்டேன்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பகிர்தலுக்குப் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது. இந்திய நேயர்கள் திரளாக இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ஜும்ரி தலையா என்ற மைக்காச் சுரங்க ஊர், பாட்டுக் கேட்டுத் தபாலட்டை எழுதியே பெயர் பெற்றது. தமிழிலும் நேயர் விருப்பத்தில் பாட்டைவிட நீளமாகப் பெயர்ப்பட்டியல் போன காலம் ஒன்று இருந்தது. இன்னார் இன்னாருக்காக விரும்பிக் கேட்கிறார்கள் என்று அறிவிப்பாளர் வாசித்துக்கொண்டே போவார்.

அதை வெறும் பெயராசை என்று தள்ளிவிடலாமா? பெயராசை இருந்ததுதான். நம் மார்க்கம் எச்சரிக்கும் முகஸ்துதியின் சாயலும் அதில் உண்டு. ஆனால் சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைக்கும் மனிதரின் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கே வாசிக்கப்படப் போகிறது? "நானும் இருக்கிறேன், எனக்கும் ஒன்று பிடித்திருக்கிறது" என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு ஒரு தபாலட்டை கொடுத்தது. காரணத்துக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை 'இசையும் கதையும்' நிகழ்ச்சி ஓரளவு தீர்த்தது. நேயர் ஒரு கதையை எழுதி, அதன் திருப்பங்களில் பாட்டுக்களைக் கோர்த்து அனுப்புவார். இந்தப் பாட்டு ஏன் என்பதற்குக் கதையே பதிலாக நிற்கும். சொந்தத் துயரத்தைக் கற்பனைப் பாத்திரத்தின் மீது ஏற்றிச் சொல்லவும் அது வழிவிட்டது. காரணத்தையும் சொல்லலாம், தன்னை மறைத்துக்கொள்ளவும் செய்யலாம். நல்ல ஏற்பாடு அது.

என் வகுப்பில் ஒருமுறை, 'நான் அண்மையில் கேட்ட பாட்டும் கேட்ட காரணமும்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: நாங்கள் பாட்டுக் கேட்பதில்லை. கேள்வி 'நான்' என்றிருக்க, பதில் 'நாங்கள்' என்று வந்திருந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். அவன் வீட்டின் பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனாலும் பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன் செவியைப் பற்றிப் பேசும்போதும் ஒரு சமூகத்தின் சார்பில் பேச வேண்டியிருப்பது என்னை யோசிக்க வைத்தது.

ஒரு மாணவி வேறு விதமாக எழுதியிருந்தாள். அவளுடைய உம்மா வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறார். சின்னத் தம்பிக்காக ஒரு தாலாட்டைத் தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார். தம்பி உறங்கிய பிறகு இவள் அதைத் தனியாகக் கேட்பாளாம். காரணம் என்ற இடத்தில், அது தனக்கு அனுப்பப்பட்டதல்ல, ஆனாலும் கேட்பதாக எழுதியிருந்தாள். வழக்கமாக நல்ல கட்டுரைகளை வகுப்பில் உரக்க வாசிப்பேன். இதை வாசிக்கவில்லை. அவள் சொன்னது என்னிடம்; நாற்பது பேரிடம் அல்ல. தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழ்திக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜுனைதின் மூன்றாவது நிபந்தனை அங்கேதான் எனக்குத் தெளிவானது. கூட்டாளி என்பவர் உடனிருந்து கேட்பவர் மட்டுமல்ல. காரணத்தைத் தாங்கிக்கொள்ளக் கூடியவர். ஒருவர் தாம் கேட்கும் இசையின் காரணத்தை நம்மிடம் சொன்னால் அது அமானத். அதை நகைப்பதும், ஊருக்குச் சொல்வதும், உடனே பத்வாத் தேடுவதும் அமானத்துக்குச் செய்யும் மோசடி. பேணுதலுக்காகக் கேட்காமலிருப்பவரைப் பழமைவாதி என்று கேலி செய்வதும் அதே மோசடிதான்.

இன்று வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டின் துண்டைப் போட்டுவிடுகிறோம். மச்சானும் பார்க்கிறார், அதிபரும் பார்க்கிறார், கடன் கொடுத்தவரும் பார்க்கிறார். இருபத்து நான்கு மணித்தியாலத்தில் அது மறைந்துவிடும். எல்லோருக்குமாகச் சொல்லப்படுவதில் காரணத்தைச் சொல்ல முடிவதில்லை; காரணம் ஒரு முகத்தைப் பார்த்துத்தான் சொல்லப்படும். பார்ப்பவர்கள் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள். "யாரை நினைத்துப் போட்டார்?" என்று பேச்சு தொடங்கிவிடுகிறது.

ரசனைக்கெல்லாம் காரணம் வேண்டுமா என்று கேட்கலாம். சும்மா பிடித்திருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கும்வரை முழுமையான காரணந்தான். சொல்லாமல் இருப்பதும் உரிமைதான். மறைக்க வேண்டியதை மறைத்துக்கொள்வதற்கு நம் மார்க்கம் இடம் தந்திருக்கிறது. மௌனமும் நயவஞ்சகமும் ஒன்றல்ல. ஆனால் மனிதருக்கேற்ப ரசனையை மாற்றிச் சொல்லத் தொடங்கும்போது, நிய்யத்தைக் கொண்டு செயலை எடைபோடும் மார்க்கத்தில் நாம் எடைக்கல்லையே மாற்றிவிடுகிறோம்.

என்னிடம் கேட்டால் சொல்வேன். 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலைக் கேட்கிறேன். அந்தக் குரல் கெஞ்சுவதில்லை, உரத்து நின்று இறைஞ்சுகிறது. தளர்ந்த நாளில் எனக்கு அது வேண்டியிருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுக்களும் கேட்கிறேன். மர்ஹூமான என் வாப்பா கடையைப் பூட்டும் வேளையில் முணுமுணுத்தவை அவை. இவ்வளவுதான். இதைப் பள்ளிவாசல் முன்றலிலும் சொல்லலாம், கடைத்தெருவிலும் சொல்லலாம். நீங்கள் கேட்பதையும் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லையென்றால் நான் வற்புறுத்தமாட்டேன்.