பந்தலுக்குக் கீழே
திண்டிவனம் வீட்டு அவரைப் பந்தலில் பட்டாணி நீலன் வந்தால் நான் படம் எடுப்பேன். அம்மா பக்கத்திலேயே காயைத் துளைக்கும் புழுவை நசுக்குவாள். இரண்டும் ஒரே உயிர். 1767இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்தச் சின்ன வண்ணத்துப்பூச்சி மொட்டில் முட்டையிடும். புழு பூவையும் காயையும் தின்னும். முதுகில் சுரக்கும் இனிப்பை எறும்புகளுக்குக் கொடுத்துக் காவலும் வாங்கிக்கொள்ளும். விழுப்புரம் பக்கம் உளுந்து போடுகிறவர்களுக்கு இது வெறும் பூச்சி.

அவர்களுக்கு இரக்கமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்டம் அவர்களுடையது, எனக்குப் படம் மட்டும் மிச்சம். எதையும் இழக்காமல் வைக்கிற அன்பை அறம் என்று சொல்லலாமா?

"ஒரு கொடியைப் புழுவுக்கு விடும்மா" என்றேன்.

"விடறேன். அன்னிக்கு உனக்கு அவரைக்காய்க் குழம்பு கெடையாது."

நியாயம்தான். சரி என்றேன்.