சாட்சியும் கருவியும்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், தொழிற்சாலைக் கழிவுநீர் எப்படியிருக்க வேண்டும் என்று சொல்லும் நீண்ட அட்டவணையின் நடுவே ஒரு நிபந்தனை வருகிறது. வேறு நீர் கலக்காத கழிவுநீரில் விடப்பட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடிருக்க வேண்டும். ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்ற எண்களுக்கிடையில் இந்த ஓரிடத்தில் சட்டம் ஓர் உயிரைக் கேட்டு முடிவு செய்கிறது. பத்தில் ஒன்று சாகலாம். அந்த ஒன்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போதுதான், உயிரினங்களைக் கொண்டு நீரின் நலத்தை அறியும் காரியத்துக்குள் அறம் சார்ந்த கேள்வி ஒன்று கிடப்பது தெரிகிறது.

காரியத்தின் நியாயம் வலுவானது. ரசாயனச் சோதனை, புட்டியில் நீர் பிடிபட்ட கணத்தை மட்டுமே அறியும். இரவில் திறந்துவிட்ட சாயநீர் விடிவதற்குள் ஓடிப்போனால், காலையில் பிடித்த நீர் குற்றமற்றதாகத் தெரியும். அடிச்சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும் புழுவும் நத்தையும் அப்படி ஓடிப்போவதில்லை. நடந்தது அவற்றின் மீது நடந்திருக்கிறது. 1902இல் ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். பிறகு பிரிட்டனில் பூச்சி, புழுக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டார்கள். சுத்தமான ஓடையில் மட்டும் பிழைக்கும் சில மேஃபிளைக் குடும்பங்களுக்கு 10, சேற்றுப்புழுவுக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இவ்வழியில் ஆறுகளுக்கு ஐந்து தரங்கள் வகுத்திருக்கிறது.

இப்பார்வை நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஓர் ஊரில் ஏரியோடு பழகியவருக்கு, கெண்டை செத்து மிதக்க விரால் மட்டும் மிஞ்சினால் நீரில் மூச்சில்லை என்று புரியும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தது. நம் திணை மரபிலும், நாரையும் மீனும் இடத்தைச் சொல்லின. ஆனால் கருப்பொருள் மனிதனின் உரிப்பொருளுக்காகவே அங்கு நின்றது. நாரையின் பசி தலைவியின் துயரத்துக்குக் குறியானது. நாரையின் பசியாக அது எவ்வளவு தூரம் நின்றது என்பது வேறு கேள்வி. விஞ்ஞானி அட்டவணை போடும்போதும் இதே பழக்கம்தான் வேறு உருவில் தொடர்கிறது என்று படுகிறது.

நலம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாருடைய நலம்? ஆக்ஸிஜன் அற்றுப்போன சேற்றில் இரத்தப்புழு தன் உடம்பின் ஹீமோகுளோபினைக் கொண்டு சுகமாகவே வாழ்கிறது. அதற்கு விழும் மதிப்பெண் 2. அது புழுவின் குறையல்ல. அழுக்கு நம்முடையது, குறைந்த எண் அதனுடையது. வாரியம் நீர்நிலைகளைப் பயனை வைத்துப் பிரிக்கும் இன்னொரு பட்டியலில் முதலில் குடிநீர், அடுத்துக் குளிக்கும் நீர், பிறகு சுத்திகரித்துக் குடிக்கும் நீர், நான்காவதாகத்தான் மீனும் காட்டுயிரும் பெருகும் நீர். வரிசையை அமைத்தவர்களிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. நீர் என்றால் நமக்கான நீர் என்பது, யோசிக்காமலே உண்மையாகிவிட்ட நம்பிக்கை.

காஞ்சிபுரத்தில் இது கூர்மையடைகிறது. கூட்டோடு வேகும் பட்டுப்புழுவுக்காக இரங்கி, பட்டு வேண்டாம் என்று காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சொன்னதைப் பலரும் அறிவர். அந்த இரக்கத்துக்கு ஒரு மரபு இருக்கிறது; கொல்பவர், கொல்லப்படுவது, கொலை மூன்றும் கண்முன் தெரிகின்றன. சாயநீரும் சாக்கடையும் சேர்ந்த வேகவதியில் அற்றுப்போகும் உயிர்களுக்கு அப்படி ஒரு மரபு இல்லை. அங்கே கொல்பவர் இன்னார் என்றில்லை. புடவை உடுத்துபவரும் நெய்பவரும் ஊரில் குடியிருப்பவரும் எல்லோருமே. நம் அகிம்சைக்குக் கைகளைத் தெரியும், கால்வாய்களைத் தெரியாது.

இதனால் இம்முறையைக் கைவிட வேண்டும் என்பதல்ல. கைவிட்டால் சாவுகள் குறையாது, கவனிக்கப்படாமல் போகும், அவ்வளவுதான். வேறுபடுத்த வேண்டியது கருவியையும் சாட்சியையும். கருவி அளந்து முடித்ததும் அதற்கு நாம் பட்ட கடன் எதுவுமில்லை. அதைவிட நல்ல மானி வந்தால் தூக்கி எறியலாம். சாட்சி அப்படியல்ல. தன்மேல் நடந்ததைச் சொல்கிறது, கேட்டவனைக் கட்டுப்படுத்துகிறது. வார்சாவில் குடிநீரைக் காவல் காக்க எட்டுச் சிப்பிகளை வைத்திருக்கிறார்கள். அவை ஓட்டை மூடிக்கொண்டால் எச்சரிக்கை. சுமார் மூன்று மாதம் கழித்து, எடுத்த ஏரியிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். பழகிப்போன சிப்பி சரியாக எச்சரிக்காது என்ற நடைமுறைக் காரணம்தான் அதற்கு. இருந்தாலும் அதில், அறியாமலே, ஒரு மரியாதை நேர்ந்துவிடுகிறது.

மேஃபிளை இல்லாத ஓடையைப் பற்றி, 'இந்த நீர் நமக்கு ஆகாது' என்று எழுதி முடித்தால் பாதிதான் படித்திருக்கிறோம். 'இங்கே இருந்தது இப்போது இல்லை' என்பது முந்தைய வாக்கியம். அதை முதலில் எழுதக் கற்றுக்கொண்டால், மற்றதை எழுதும் கை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.