அவள், அவர், அக்கா

தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். ஒன்பது ஆண்டுகளாக நான் அவரை 'வா, போ' என்றேன். அவர் என்னை 'வாங்க டீச்சரம்மா' என்றார். மரியாதைப் பன்மையைக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறவள் நான். என் வீட்டு வாசலில் அது எனக்கு நினைவுக்கு வந்ததே இல்லை.

ஒருநாள் எங்கள் அன்பியக் கூட்டத்தில் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தேன். 18 ஆண்டுகளாக நிமிர முடியாமல் கூனிப்போயிருந்த ஒரு பெண்ணை இயேசு குணமாக்கும் பகுதி. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இயேசு அந்தப் பெண்ணை 'அம்மா' என்று அழைக்கிறார், 'நீர்' என்கிறார். பல சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அதே பெண் 'ஸ்திரீ', 'நீ', 'அவள்'. மூலமான கிரேக்கத்தில் இருப்பது ஒரே சொல்தான். அந்த மொழியில் ஒருவரை விளிக்கும்போது நீ, நீர் என்ற வேறுபாடு கிடையாது. தமிழிலோ வாய் திறந்ததுமே எதிரில் இருப்பவரை எடைபோட்டுவிடுகிறோம்.

மறுநாள் காலை, பாத்திரம் துலக்கக் குனிந்திருந்த முதுகைப் பார்த்து, "சீக்கிரம் முடி, கிளம்பணும்" என்றேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது.

'கனிவாகப் பேசு' என்ற அறிவுரையைக் கேட்டால் பெண்களாகிய நமக்கு எரிச்சல் வருவது நியாயம். அடங்கிப் பேசு, அதிராமல் பேசு என்று பிறந்தது முதல் கேட்டுவருகிறோம். அது கனிவு அல்ல, பணிவு. மேலே இருப்பவரிடம் குரல் தாழ்வது பயத்தாலும் நடக்கும். நம்மை எதிர்த்துக் கேட்க முடியாதவரிடம் எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதில்தான் கனிவு தெரியும்.

இந்த ஊரின் பழைய கதை ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. 1745இல் சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. படிக்கும்போது மனம் நிமிர்கிறது. அதே குறிப்பு, மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்த மேல்சாதிப் பெண்ணொருவரைப் பாதிரியார் பிரம்பால் கொண்டையில் குத்தி, நீ தாசியா என்று கேட்டு வெளியே அனுப்பியதையும் சொல்கிறது. ஒரே கேள்வியில் இரண்டு பெண்களுக்கு அவமானம்: எதிரில் நின்றவருக்கும், வசைச்சொல்லாக்கப்பட்ட தாசிக்கும். சாதிச் சுவர் விழுந்த கோவிலிலேயே பெண்ணுக்கு எதிரான சொல் அப்படியே நின்றது. நியாயமான செயலைச் செய்கிறவருக்கும் கொடுஞ்சொல் பேச உரிமை வந்துவிடுவதில்லை. வாழாவெட்டி, மலடி போன்ற சொற்கள் நம் வீடுகளில் இன்றும் சாகவில்லை. அவற்றைப் பல நேரம் பெண்களே சொல்கிறோம்.

லூக்கா சொல்லும் அந்தப் பெண்ணை இயேசு ஆபிரகாமின் மகள் என்றும் குறிப்பிடுகிறார். நான்கு நற்செய்திகளிலும் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெயர் இல்லை. இவருக்கும் பரம்பரையில் பங்குண்டு என்று தொழுகைக்கூடத் தலைவரின் முகத்துக்கு நேரே அறிவித்த சொல் அது. என் சமயத்தில் நான் கற்றுக்கொள்ள விரும்பும் கனிவு இதுதான். இனிக்கப் பேசுவது அல்ல, ஒருவருக்குரிய இடத்தைச் சொல்லால் திருப்பிக் கொடுப்பது.

அடுத்த வாரம், "வாங்கக்கா" என்றேன். அவர் செருப்பைக் கழற்றியபடி நின்றுவிட்டார்.

"என்ன டீச்சரம்மா, புதுசா?"

"நீங்க பெரியவங்க இல்லையா?"

சிரித்தார். "அப்போ சம்பளமும் பெருசாகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது சரி. மரியாதை விகுதிக்கு எனக்கு ஒரு காசும் செலவில்லை. சுவரை அப்படியே விட்டுவிட்டு அதற்கு வெள்ளையடிக்கிற சொல்லும் உண்டு.

அந்த மாதம் முதல் சம்பளத்தைக் கூட்டினேன், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றேன். இன்னும் அவசரத்தில் பழைய 'வா' என் வாயில் வந்துவிடுகிறது. இப்போது அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான் திருத்திக்கொள்கிறேன்.