கூரே நகரத்துச் சோறு

2016இல் வெளியான ‘இந்த உலகின் ஒரு மூலையில்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் படத்தில் சுசு என்ற இளம் மருமகள் சோறாக்கும் காட்சி ஒன்று வருகிறது. பங்கீட்டு அரிசி வீட்டுக்குப் போதவில்லை. குசுனோகி மசாஷிகே என்ற பழைய படைத்தலைவர் பேரால் வழங்கும் முறைப்படி அரிசியை வறுத்து, ஊறவைத்து, உப்பவைத்துப் பொங்குகிறாள். பானை என்னவோ நிறைந்துவிடுகிறது. வாயில் வைத்தவர்களின் முகம்தான் கோணுகிறது. படம் முழுவதும் இப்படிப்பட்ட காரியங்களால் ஆனது. களைச்செடிகளைக் கிள்ளிக் குழம்பு வைக்கிறாள், கிமோனோவை வெட்டி வேலைக்கு உடுத்தும் கால்சட்டை தைக்கிறாள், சங்கு ஊதினால் பதுங்குகுழிக்கு ஓடுகிறாள், திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்கிறாள். ஃபுமியோ கோனோவின் சித்திரக்கதையைப் படமாக்கிய இயக்குநர் சுனாவோ கதாபுச்சி, அந்த நாள்களில் அங்கே வெயிலா மழையா என்பது வரை தேடி எடுத்து வரைந்தவர். 1945 ஜூனில், தாமதமாக வெடிக்கும் குண்டு ஒன்றில் சுசு தன் கையைப் பிடித்து நடந்துவந்த சிறுமி ஹருமியை இழக்கிறாள். பிடித்திருந்த அந்த வலக்கையையும் இழக்கிறாள். சித்திரம் வரைந்த கை அது.

இதைப் பார்த்துக் கண்கலங்காதவர் குறைவு. அப்படிக் கலங்குவது எந்த அளவுக்கு நியாயம் என்ற கேள்வி, வங்கக் கடலின் இந்தக் கரையில், கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்து பார்ப்பவருக்குச் சற்றுக் கூர்மையாகவே எழ வேண்டும்.

சுசு வாழ்க்கைப்பட்ட ஊர் கூரே. ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள கடற்படைத் துறைமுகம். யமாத்தோ போர்க்கப்பலைக் கட்டிய ஊர். அவள் கணவன் கடற்படை நீதிமன்றத்தில் எழுத்தர். மாமனாருக்குக் கடற்படையின் விமானத் தொழிற்சாலையில் வேலை. யமாத்தோ மட்டுமல்ல, அகாகி, சோர்யூ என்ற விமானந்தாங்கிக் கப்பல்களும் மொகாமி என்ற போர்க்கப்பலும் இதே கூரேயின் பட்டறையில் உருவானவை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கிய கப்பல் அணியில் அகாகியும் சோர்யூவும் இருந்தன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஏப்ரல் 6இல் குண்டு விழுந்தபோது, வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தது மொகாமி. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக்கூடும் என்ற அச்சத்தில் உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கூரேயின் அடுக்களைக்கும் இந்தக் கரைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

ஆனால் தமிழ்ப் பக்கத்திலிருந்து எழும் வலுவான மறுப்பு இந்தக் குண்டுகளைப் பற்றியது அல்ல. அது சயாம் ரயில் பாதையைப் பற்றியது. தென்னார்க்காடு மாவட்டம், அதாவது இன்றைய கடலூரும் சிதம்பரமும் அடங்கிய நிலம், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. கங்காணிகள் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றினார்கள். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர்ப் பாதையை அமைக்கத் தோட்டத்துத் தமிழர்களைக் கூலி ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவை அடைத்து ஆள் பிடித்ததாகவும் அக்காலத்தைப் பற்றிய பதிவுகள் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலராவும் பட்டினியும் அடியும் அவர்களில் பெருந்தொகையினரைத் தின்றிருந்தன. அதே வேலையில் ஈடுபடுத்தப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போல் பல மடங்கு. சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு நிற்கின்றன. தோட்டத்துத் தமிழனுக்குப் பெயர் பொறித்த அப்படி ஒரு கல்லறை கிடையாது. மலேசியாவின் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுத வேண்டியிருந்தது.

ஆக மறுப்பு இது: சுசுவின் கைக்கு ஒரு படம் இருக்கிறது. சயாமின் மூங்கில் காட்டில் புண் அழுகிக் காலை இழந்தவனுக்கு என்ன இருக்கிறது? தாக்கிய நாட்டின் அடுக்களையை இத்தனை நுணுக்கமாகக் காட்டுவதே, தாக்கியதைத் திரைக்குப் பின்னால் தள்ளும் வேலைதானே? ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற 1988ஆம் ஆண்டு ஜப்பானியப் படத்தின் மேலும் இதே குற்றச்சாட்டு உண்டு. பட்டினியில் சாகும் அந்த அண்ணன் தங்கையின் தகப்பன் ஒரு கடற்படை அதிகாரி. அவர் எங்கே, யாரோடு போரிட்டார் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. அது போர் எதிர்ப்புப் படம் என்ற பாராட்டை அதன் இயக்குநர் இசாவோ தகஹாதாவே ஏற்கவில்லை என்பதைப் பாராட்டுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், பொதுமக்கள் வேறு, படை வேறு என்பது. தமிழுக்குப் பழகிய பதில்தான். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்கும் முன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயுற்றவரும் பிள்ளைப்பேறு இல்லாதவரும் அரண் தேடிக்கொள்ளட்டும் என்று அறிவிப்பான் என நெட்டிமையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இந்தப் பட்டியலை அறப்போருக்குச் சான்றாகக் காட்டாத மேடை இல்லை. ஆனால் பகைவரின் நாட்டைத் தீயிடுவதற்கு உழபுலவஞ்சி என்று துறையே வகுத்து வைத்திருப்பதும் தமிழ் இலக்கணம்தான். பெண்ணை விலகச் சொல்லிவிட்டு அவள் உண்ண வேண்டிய நெல்லைக் கொளுத்தினால், அந்த விலக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? போரிலிருந்து ஆளைப் பிரித்துவிடலாம், சோற்றைப் பிரிப்பது அரிது.

சுசுவின் கதையிலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அவள் யாரையும் கொல்லவில்லை. குன்றின் மேலிருந்து கப்பல்களை வரைந்ததற்காக ராணுவப் போலீஸ் அவளை உளவாளி என்று மிரட்டுகிறது. அவர்கள் போனபின் வீட்டார் சிரித்துத் தீர்க்கிறார்கள். ஆனால் மாமனாரின் சம்பளம் கடற்படையின் பணம். கணவன் எழுதும் தீர்ப்புத் தாள்கள் அந்தக் கடற்படையை ஒழுங்கில் வைத்திருப்பவை. இவர்களைக் குற்றவாளிகள் என்பது அபத்தம். வெறும் பார்வையாளர்கள் என்பதும் உண்மையில்லை. எல்லாரும் குற்றவாளிகளே என்று ஒரே கோலில் அளந்தால், உத்தரவு போட்டவனும் உலை வைத்தவளும் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் லாபம் உத்தரவு போட்டவனுக்கு மட்டுமே. பொறுப்பு என்பது படிப்படியாக இறங்குவது. கடைசிப் படியில் நிற்பவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை ஒன்று அவருக்கும் உண்டு.

படம் அந்தப் படிவரை போகிறது என்பதே அதற்குச் சார்பாகச் சொல்ல முடிகிற பெரிய வாதம். 1945 ஆகஸ்டு 15. வானொலியில் சரணடைவு அறிவிப்பு முடிந்ததும் சுசு ஆத்திரத்தோடு வெளியே ஓடுகிறாள், கடைசி ஆள் வரை போரிடுவதாகத்தானே சொன்னார்கள் என்று. ஊருக்குள் ஒரு கூரை மேல் கொரியக் கொடி ஏறுகிறது. அந்த ஊரில் கொரியர்கள் இருந்ததே பார்வையாளருக்கு அப்போதுதான் உறைக்கிறது. தன் உடம்பே கடலுக்கு அப்பாலிருந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனது என்பது அவளுக்குப் படுகிறது. மண்ணில் விழுந்து கதறுகிறாள். சித்திரக்கதையில் இந்த இடத்துப் பேச்சு வேறு. தன் நாடு பிறரை வன்முறையால் அடக்கி வைத்திருந்தது என்று அதில் நேராகவே சொல்கிறாள். படம் அதை மழுப்பிவிட்டது என்பது விமர்சகர்கள் சிலரின் குறை. குறை நியாயமானதாகத் தோன்றவில்லை. நாடு செய்தது என்று சொல்லும்போது பேசுபவர் ஓரடி தள்ளி நின்றுகொள்ள முடிகிறது. சோறு என்று சொன்னால் தள்ளி நிற்க இடமில்லை. கொரிய நிலத்தில் விளைந்த நெல் ஜப்பானுக்குக் கப்பலேற, விளைவித்தவர்கள் தினை தின்ற காலம் அது. வறுத்து உப்பவைத்த அந்தப் பானை அரிசி எங்கிருந்து வந்தது என்று, வெகுநேரம் கழித்துப் படம் பார்வையாளரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

இரக்கத்துக்கு இதைவிடக் கடினமான நிபந்தனை போட வேண்டியதில்லை. சுசுவுக்காக அழுவதற்குச் சயாமில் செத்தவனின் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஹருமி சிறுமி, குண்டு அவளைத் தேர்ந்து விழவில்லை. ஆனால் அரிசியின் ஊரை மறைத்துக் காட்டும் படைப்பு அந்தக் கண்ணீரைத் திருடிப் பெறுகிறது. ஊரைக் காட்டிவிட்டுக் கேட்கும் படைப்புக்குக் கண்ணீர் கேட்க உரிமை உண்டு.

யாரிடம் கேட்கலாம் என்பது அடுத்தது. கடலூர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே வளர்ந்த ஒருவரிடம் போய், எதிரி நாட்டு அடுக்களையிலும் துயரம் இருந்ததே என்று அறம் சொல்லப் புகுவது அறியாமை. அவரே அந்த முடிவுக்கு வந்தால் அது பெருந்தன்மை. பிறர் அதைக் கடமையாகச் சுமத்த முடியாது. தொலைவில், பாதுகாப்பாக உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கே இந்தக் கடமை முழுதாகப் பொருந்தும்.

அப்படிப் பார்ப்பவருக்குத் தமிழ் நினைவே ஒரே முகமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சயாமுக்கு ஆள் பிடித்த அதே ஜப்பான்தான் நேதாஜியின் படைக்குத் துணை நின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படைப்பிரிவில் தோட்டத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சேர்ந்தவர்களைத் தியாகிகள் என்று போற்றிய ஊர்கள், சயாமில் செத்தவர்களை அதே மூச்சில் நினைத்ததில்லை. நினைத்தால் கேள்விகள் எழும் என்பது காரணமாக இருக்கலாம்.

பாதிக்கப்பட்டவராக நிற்பதில் கடலூருக்குப் பயிற்சி அதிகம். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, எல்லை வரைந்தது பீரங்கி. நாற்புறமும் சுட்டார்கள், குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. காலையில் ஏர் கட்டியவன் அந்தியில் வேறொரு அரசின் குடி. பிறகு கோட்டையை 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. 1781இல் சிதம்பரம் கோவில் ஹைதர் அலியின் கோட்டையாக இருந்தபோது ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தரையிலும் கடலிலும் மோதிச் செத்தார்கள். ஐரோப்பாவில் அவர்களுக்குள் பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி வந்து சேரவில்லை. இத்தனை படையெடுப்புகளில் எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதை எழுதிவைத்த சுசு ஒருத்தியும் இல்லை.

பாதிக்கப்பட்டவரின் இடம் பழகிப்போன ஊருக்கு மற்ற இடம் கண்ணில் படுவது கடினம். 1942 வரை சென்னை மாகாணத்தின் அரிசித் தேவையில் ஒரு பங்கைப் பர்மா நிரப்பியது. நெற்களஞ்சியமான காவிரிக் கடைமடையின் பக்கத்திலேயே பர்மா அரிசி புழங்கிய காலம் உண்டு. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. பஞ்சமும் பங்கீடும் வந்தன. பிழைத்தால் போதும் என்று அங்கிருந்து நடந்தே வந்தவர்களின் துயரம் தமிழில் நிறையவே பதிவாகியிருக்கிறது. 1952இல் வந்த ‘பராசக்தி’ படமே ரங்கூனில் இருந்த மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. போர் வந்து குடும்பம் சிதறுகிறது. ஆனால் 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத உழவர்களிடமிருந்து செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. வட்டிக்கடைக்காரர்கள் செட்டிநாட்டுக்காரர்கள், அரிசி தின்றவர்கள் ஏழைகள், ஆட்சி வெள்ளையருடையது என்று பொறுப்பை இங்கும் படிப்படியாகப் பிரிக்கலாம், பிரிக்கத்தான் வேண்டும். கூரேயின் மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே பிரித்த அதே கோலால், அவர்களுக்குக் காட்டிய அதே தயவோடு. அப்படிப் பிரித்தபின், நிலம் போன பர்மிய உழவனின் வீட்டில் அந்த ஆண்டு உலையில் என்ன கொதித்தது என்று கேட்கும் ஒரு கதையைத் தமிழில் தேடினால் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை. ரங்கூனிலிருந்து திரும்பியவனின் கண்ணீரை அறிந்த தமிழ்த் திரை, அவன் அங்கே யாருக்கு அண்டை வீட்டானாக இருந்தான் என்பதைக் காட்ட இன்னும் முயலவில்லை.