பெரியவங்க சொல்லைத் தட்டலாமா? தகப்பன்சாமி சொல்லும் பதில்

ஓம் சரவணபவ!

"பெரியவங்க சொல்லைத் தட்டாதே"ன்னு நாம எல்லாருமே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். நல்ல பாடம்தான். ஆனா கூடப் படிக்கிற பிள்ளையை ஒதுக்கி வைன்னு ஒரு பெரியவரே சொன்னா? அப்போ அந்தக் குழந்தை யார் சொல்லைக் கேட்கணும்?

2022 செப்டம்பரில் நம்ம சங்கரன்கோவில் பக்கத்து பாஞ்சாகுளத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பட்டியல் சமூகப் பிள்ளைகள் சிலர் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டாச்சு, இனி உங்க தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, வீட்ல போய்ச் சொல்லுங்கன்னு கடைக்காரர் அனுப்பிவிட்டார். என்ன கட்டுப்பாடுன்னு ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கடைக்கு சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாதுன்னு நீதிமன்றமும் உத்தரவு போட்டது.

சட்டம் தன் வேலையைச் செய்தது. நம்ம வேலை அதோட முடியலை. அந்தக் கடைக்குத் தினமும் மற்ற தெருப் பிள்ளைகளும்தானே போவாங்க? அவங்கள்ல ஒரு பிள்ளை, "அவனுக்கு இல்லாத மிட்டாய் எனக்கும் வேண்டாம்"னு சொன்னா, வீட்டில் நாம என்ன சொல்லுவோம்? தட்டிக் கொடுப்போமா, "உனக்கெதுக்கு ஊர் வம்பு"ன்னு அதட்டுவோமா? உண்மையான சோதனை அங்கேதான் இருக்கு.

இந்த நோய் புதுசு இல்லை. நூறு வருஷம் முன்னாடி, இதே நெல்லைச் சீமையில் சேரன்மகாதேவி குருகுலத்தில் ஒரே கூரைக்குக் கீழே படித்த பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். வ.வே.சு. ஐயர் தேசபக்திக்காக நடத்திய இடம் அது. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் பட்ட அவமானத்தைத் தன் அப்பாவிடம் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பந்தி விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது.

இப்போ நம்ம சாமியைப் பாருங்க. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்தது ஒரு பாலகன். விடச் சொல்லி வந்த தகப்பனுக்கே உபதேசம் செய்தான். சிவபெருமான் கோபப்படவில்லை. வாய் பொத்தி, சீடனாக நின்று கேட்டார். அதனால்தான் சுவாமிமலையில் அவன் தகப்பன்சாமி. பிள்ளை பெரியவரைத் திருத்தலாம், அது உண்மைக்காக இருக்கணும், அவ்வளவுதான். கேட்டுக்கொள்வது பெரியவருக்குப் பெருமையே தவிர இழுக்கு இல்லை.

இன்னொன்னும் இருக்கு. நம்பிராஜன் வளர்த்த வேடர் குலத்துப் பெண் வள்ளியிடம் கிழவர் வேஷத்தில் போய், தேனும் தினைமாவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நம்ம முருகன். அவனைக் கும்பிடுகிற நாம, இன்னாருக்குக் கொடுக்காதே, இன்னார் கையால் வாங்காதேன்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தா, அந்த வழிபாட்டுக்கு என்ன அர்த்தம்?

நம்ம ஊர்க் கோயிலும் இதைத்தான் சொல்லுது. யார் சாமி பெரியவர்னு சங்கனும் பதுமனும் சண்டை போட்டார்கள். கோமதி அம்மன் தவம் இருந்தாள். அரியும் அரனும் ஒரே திருமேனியாக சங்கரநாராயணராக நின்றார்கள். ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடுவது அந்தக் காட்சிக்காகத்தானே!

ஆனா ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, அவன் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அண்ணனுக்காகக் குறுக்கே நின்றது ஒரு சின்னப் பெண். அவ்வளவு பெரிய பாரத்தைக் குழந்தை தோளில் வைத்துவிட்டு நாம வேடிக்கை பார்ப்பது பாவம். பிள்ளை அரிவாளுக்கு முன்னாடி நிற்க வேண்டியதில்லை. பக்கத்து பெஞ்சில் உட்காரலாம், டிபனைப் பகிரலாம், கேலி செய்தால் "நிறுத்துடா"ன்னு சொல்லலாம், டீச்சரிடம் சொல்லலாம். 1098க்கு போன் பண்ணலாம். மிச்சம் பெரியவர்கள் பொறுப்பு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்கணும், கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் குறி வேண்டாம் என்றெல்லாம் அதில் உண்டு. நம்ம பக்தர்கள் சிலருக்கு இதில் மனத்தாங்கல். அது நியாயமும்தான். திருநீறு எல்லார் நெற்றிக்கும் ஒண்ணு. சாமி கயிறு காப்புக்காகக் கட்டுவது. ஆனா அதே கயிறை எந்தச் சாதின்னு அடையாளம் காட்டுகிற வேலியாக்கினது யார்? கயிறைப் பறிக்கிறாங்கன்னு வருத்தப்படுறதுக்கு முன்னாடி, அதைக் கெடுத்தவங்களை நாம கேட்டோமா?

இன்னைக்கு சாயந்திரம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மார்க் கேட்காதீங்க. "உன் வகுப்புல யாராவது தனியா உட்கார்ந்து சாப்பிடுறாங்களா?"ன்னு கேளுங்க. பதில் சொன்னா, சிவபெருமான் மாதிரி வாய் பொத்திக் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு அனுப்பி வையுங்கள்.